பதினான்காயிரம், பதினைந்தாயிரம்

வானவழிகளின் வரலாறு – பகுதி 14

ஐதராபாத்தின் பாலாநகரில், மிக் போர் விமானங்களுக்கான மின்னணுக் கருவிகளைச் செய்வதற்காக 1965-ல் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தன் ஏவியானிக்ஸ் பிரிவைத் தொடங்கியதைச் சென்ற பகுதியில் பார்த்தோம். எதிரில் வருவது நம் விமானமா, எதிரியின் விமானமா என்று கேட்டறியும் கருவியும் அங்கே தயாரானது. இரண்டாம் உலகப் போரில் பிறந்த அந்தக் கேள்வி–பதில் நுட்பமே பின்னாளில் பயணிகள் விமானங்களில் டிரான்ஸ்பாண்டர் என்ற பெயரில் குடியேறியது. தரையிலிருக்கும் ரேடார் கேட்கும். விமானம் தன் அடையாளத்தையும் உயரத்தையும் தானாகவே பதிலாக அனுப்பும்.

கேட்கத் தரையில் கருவி இல்லாவிட்டால்? இந்தியா அதற்கான பதிலை 349 உயிர்களைக் கொடுத்துத் தெரிந்துகொண்டது. பாலாநகருக்குப் பக்கத்திலேயே இருக்கும் மாதாப்பூரைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அங்கே போவதற்கு முன் 1996-ன் டில்லி வானத்தைப் பார்த்தாக வேண்டும்.

ஒரே பாதை, இரண்டு திசை

அப்போது இந்திராகாந்தி பன்னாட்டு விமான நிலையத்தைச் சுற்றியிருந்த வான்வெளியில் பெரும்பகுதி விமானப்படையின் வசம் இருந்தது. பயணிகள் விமானங்களுக்கென்று விடப்பட்டது ஓர் ஒடுக்கமான வழி. டில்லியிலிருந்து கிளம்பி மேற்கே ஏறிப்போகிற விமானத்துக்கும், மேற்கிலிருந்து டில்லிக்கு இறங்கி வருகிற விமானத்துக்கும் அதே வழிதான். எதிரும் புதிருமாக வரும் இரண்டையும் பிரித்து வைத்தது உயரம் ஒன்றுதான். ஒன்று 14,000 அடியில் போனால் மற்றது 15,000 அடியில் நிற்க வேண்டும்.

ஆயிரம் அடி என்பது சுமார் 300 மீட்டர். உலகெங்கும் நடைமுறையில் இருந்த விதி அது. டில்லி மட்டும் குறைத்து வைத்துக்கொண்ட அளவில்லை. ஆனால் இரண்டு விமானமும் தனக்குச் சொல்லப்பட்ட உயரத்திலேயே நிற்கிறதா என்று யார் பார்ப்பது?

டில்லியில் இருந்தது முதனிலை ரேடார். அது வானத்துக்கு அலையை அனுப்பும்; விமானத்தின் உடலில் பட்டுத் திரும்பும் எதிரொலியைத் திரையில் புள்ளியாகக் காட்டும். எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்பது தெரியும். எத்தனை அடி உயரத்தில் என்பது தெரியாது. உயரம் வேண்டுமென்றால் கட்டுப்பாட்டாளர் வானொலியில் கேட்க வேண்டும். விமானத்திலிருந்து வருகிற பதிலை நம்ப வேண்டும். டிரான்ஸ்பாண்டரோடு பேசி உயரத்தைத் திரையிலேயே எழுதிக் காட்டும் இரண்டாம் நிலை ரேடார் டில்லிக்கு வாங்கப்பட்டுவிட்டது. பொருத்தும் வேலைதான் முடிந்திருக்கவில்லை.

1996 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. மாலை 6.32 மணிக்குச் சவூதி அரேபிய ஏர்லைன்ஸின் 763-ஆம் எண் விமானம் டில்லியிலிருந்து தஹ்ரானுக்குப் புறப்பட்டது. போயிங் 747 ரகம். ஊழியர் 23 பேரையும் சேர்த்து உள்ளே 312 பேர். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் இந்தியர்களே அதில் மிகுதி, நேபாளிகளும் இருந்தார்கள். விமானத்தின் தலைவர் காலித் அல்-ஷுபைலி.

அதே நேரத்தில் கஜகஸ்தானின் ஷிம்கென்ட் நகரிலிருந்து ஓர் இல்யூஷின் 76 விமானம் டில்லியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. சரக்கு ஏற்றுவதற்கென்றே சோவியத் காலத்தில் வடிவமைக்கப்பட்ட பெரிய விமானம் அது. அன்று அதில் 37 பேர். 27 பேர் பயணிகள், 10 பேர் ஊழியர். தலைவர் அலெக்சாண்டர் செரபனோவ்.

இரண்டையும் கவனித்துக்கொண்டிருந்தவர் கட்டுப்பாட்டாளர் வி.கே.தத்தா. கஜக் விமானத்தை 15,000 அடிக்கு இறங்கச் சொன்னார். சவூதி விமானத்தை 14,000 அடிக்கு ஏறி நிற்கச் சொன்னார். கஜக் விமானம் 15,000 அடிக்கு வந்துவிட்டதாகத் தெரிவித்ததும், எதிரே ஒரு சவூதி போயிங் வருகிறது, கண்ணில் பட்டால் சொல்லுங்கள் என்றார். 14 மைல் தொலைவு, 14,000 அடி உயரம் ஆகிய விவரங்களும் கஜக் விமானத்துக்குச் சொல்லப்பட்டன. கட்டுப்பாட்டாளர் செய்ய வேண்டியதெல்லாம் அத்துடன் சரி. தன் திரையில் இரண்டு புள்ளிகள் ஒன்றையொன்று நெருங்குவதை அவர் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒன்று மேலே, ஒன்று கீழே என்றுதான் அவர் நம்பியாக வேண்டும்.

கஜக் விமானம் 15,000 அடியில் நிற்கவில்லை. இறங்கிக்கொண்டே போயிற்று.

எட்டிப் பார்த்த மனிதர்

ஏன் இறங்கியது என்பதற்கான விடை விமானிகளின் அறைக்குள் இருக்கிறது. சோவியத் முறைப்படி அந்த அறையில் ஐந்து பேர் அமர்ந்திருந்தார்கள். கட்டுப்பாட்டாளருடன் ஆங்கிலத்தில் பேசும் பொறுப்பு வானொலி இயக்குநரான ஈகோர் ரெப்புடையது. விமானத்தைச் செலுத்துகிறவர்கள் வேறு, தரையோடு பேசுகிறவர் வேறு. பேசுகிற ரெப்புக்குத் தனியாக உயரமானி கிடையாது. எந்த உயரத்தில் இருக்கிறோம் என்று அறிய, முன்னே இருக்கும் விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்க வேண்டும். அவர்கள் மீட்டர் கணக்கில் பழகியவர்கள். டில்லி அடிக் கணக்கில் பேசியது. ஆங்கிலமும் சரளம் கிடையாது. அடுத்த விமானத்தைப் பற்றிச் சொன்ன தகவலில் வந்த எண்ணுக்கும், தமக்கு இட்ட கட்டளையில் வந்த எண்ணுக்கும் குழப்பம் நேர வேண்டிய வாய்ப்பெல்லாம் அந்த அறையில் கூடியிருந்தது.

கடைசி வினாடிகளில் ரெப் உயரமானியைப் பார்த்துவிட்டார். 15,000 அடியில் அல்லவா இருக்க வேண்டும் என்று எச்சரித்தார். தலைவர் எஞ்சினுக்கு முழு வேகம் கொடுத்து ஏறச் சொன்னார். விமானம் சற்றே மேலெழும்பியது. எழும்பியதன் வால் சவூதி விமானத்தின் இடது இறக்கையை அறுத்தது. அந்த எச்சரிக்கை வராமலே இருந்திருந்தால், கஜக் விமானம் மற்றதற்குக் கீழே நழுவிப் போயிருக்கக்கூடும். தவறைக் கண்டு திருத்த முயன்ற நொடியே மோதலின் நொடியாக முடிந்தது.

மாலை 6.40. டில்லிக்கு மேற்கே, ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே. பக்கத்து வானில் டில்லிக்கு இறங்கிக்கொண்டிருந்த அமெரிக்க விமானப்படைச் சரக்கு விமானத்தின் விமானி, மேகம் ஒன்று ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்ததையும் பிறகு இரண்டு தீப்பிழம்புகள் பிரிந்து விழுந்ததையும் பார்த்துத் தெரிவித்தார். தத்தாவின் அழைப்புக்கு இரண்டு விமானங்களிலிருந்தும் பதில் வரவில்லை. 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. விமானங்கள் நடுவானில் மோதிய விபத்துகளில் இன்றுவரை இதுவே மிகப் பெரியது.

விசாரணை ஆணையத்துக்கு டில்லி உயர் நீதிமன்ற நீதிபதி ஆர்.சி.லகோதி தலைமை வகித்தார். பின்னாளில் இந்தியாவின் தலைமை நீதிபதியானவர். ஒரு விமானத்தின் பதிவுப் பெட்டிகள் மாஸ்கோவிலும், மற்றதன் பெட்டிகள் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவிலும் பிரித்துப் படிக்கப்பட்டன. 1997 ஜூலையில் அறிக்கை வந்தது. அனுமதியில்லாமல் 14,000 அடிக்கு இறங்கியதும் ஒதுக்கிய உயரத்தில் நிற்காததுமே காரணம் என்று கஜக் தரப்பைச் சுட்டியது. கொந்தளிப்பான மேகத்தில் சிக்கியதால் இறங்க நேர்ந்தது என்ற கஜக் தரப்பின் வாதம் எடுபடவில்லை.

குற்றம் யாருடையது என்பதோடு ஆணையம் நின்றிருந்தால் இந்தத் தொடரில் அதற்கு இடமிருந்திருக்காது. ஒருவர் எண்ணைத் தவறாக எடுத்துக்கொண்டால் அதைப் பார்த்துவிட வேறு யார் இருந்தார்கள் என்ற கேள்வியை அது எழுப்பிக்கொண்டது. கட்டுப்பாட்டாளருக்கு உயரம் தெரியவில்லை. வானொலி இயக்குநருக்கு உயரமானி இல்லை. சவூதி விமானிக்கு எதிர்விமானம் இறங்குவது தெரிய வழியே இல்லை. ஆயிரம் அடி இடைவெளி முழுவதும் ஒரே ஒரு அறையின் கவனத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆகவே ஆணையம் பல பரிந்துரைகளை முன்வைத்தது: வரும் பாதையும் போகும் பாதையும் தனித்தனியாகட்டும், இரண்டாம் நிலை ரேடாரை இயக்குங்கள், விமானப்படை தன் வான்வெளியில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கட்டும், விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவியைக் கட்டாயமாக்குங்கள்.

ஏற்கெனவே இருந்த கருவி

கடைசிப் பரிந்துரைதான் நெஞ்சைச் சுடுவது. அந்தக் கருவி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதாக இல்லை. அமெரிக்காவில் முப்பதுக்கு மேல் இருக்கைகள் கொண்ட பயணிகள் விமானங்களில் 1993-ன் முடிவுக்குள்ளேயே அது பொருத்தப்பட்டுவிட்டது. தாத்ரியில் மோதிய இரண்டிலும் அது இல்லை. இருக்க வேண்டும் என்று சொல்லும் விதி இந்தியாவில் இல்லை.

அமெரிக்காவும் அதைச் சும்மா பெற்றுவிடவில்லை. 1956 ஜூன் 30 அன்று கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்கு மேலே இரண்டு பயணிகள் விமானங்கள் மோதி 128 பேர் இறந்தார்கள். நாட்டின் வான்வெளி முழுவதையும் ஒரே அமைப்பின் கீழ் கொண்டுவரும் சட்டம் அதன் பிறகுதான், 1958-ல் வந்தது. அதே காலத்தில் பெண்டிக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஜே.எஸ்.மோரல் என்ற அறிவியலாளர் ஒரு கணக்கைப் போட்டார். எதிர்விமானம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேட்காதீர்கள், மோத இன்னும் எத்தனை வினாடி இருக்கிறது என்று கேளுங்கள் என்பது அதன் சாரம். தூரத்தை நெருங்கும் வேகத்தால் வகுத்தால் வினாடி கிடைத்துவிடும். ஒவ்வொன்றும் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் வந்தால், இரண்டுக்கும் இடையே வினாடிக்கு அரைக் கிலோமீட்டர் கரைகிறது. பத்துக் கிலோமீட்டர் இடைவெளி இருபது வினாடியில் தீர்ந்துவிடும். அதே பத்துக் கிலோமீட்டர் தூரத்தில் ஒரே திசையில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகிறவற்றுக்கு ஆபத்தே இல்லை.

கணக்கு கிடைத்தும் கருவி வர முப்பது ஆண்டுகள் பிடித்தன. வீண் எச்சரிக்கைகள் தொல்லை கொடுத்தன. கருவியின் விலையும் தடையாக நின்றது. 1978-ல் சான் டியாகோவில் ஒரு போயிங்கும் சிறு விமானமும் மோதி 144 பேர் இறந்தார்கள். 1981-ல் அமெரிக்க வான்போக்குவரத்து நிர்வாகம் ‘டீகாஸ்’ என்ற மோதல் தவிர்ப்புத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தது. 1986-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே செரிட்டோசில் இன்னொரு மோதல், 82 பேர் இறப்பு. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் சட்டம் இயற்றிவிட்டது. வான்பாதுகாப்புச் சட்டங்களின் தேதிகளுக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு விபத்தின் தேதி இருக்கும்.

டீகாஸ் எப்படி வேலை செய்கிறது என்பது சுலபம். பாலாநகரில் பார்த்த அதே கேள்வி–பதில்தான். கேட்பவர் மட்டும் மாறுகிறார். தரை ரேடார் கேட்ட கேள்வியை இப்போது ஒரு விமானம் இன்னொரு விமானத்திடம் கேட்கிறது. வினாடிக்கு ஒருமுறை, 1030 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கேள்வி, 1090-ல் பதில். பதில் வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து தூரம் தெரியும். பதிலுக்குள்ளேயே உயரம் எழுதியிருக்கும். மோதலுக்கு 20 முதல் 48 வினாடிகள் இருக்கும்போது ‘டிராஃபிக், டிராஃபிக்’ என்று குரல் எழும். அது கவனி என்பதற்கான குரல். 15 முதல் 35 வினாடிகளுக்குள் வந்துவிட்டால் ‘கிளைம்ப், கிளைம்ப்’ அல்லது ‘டிசெண்ட், டிசெண்ட்’ என்று வரும். அது கட்டளை. எந்த உயரத்தில் பறக்கிறார்கள் என்பதைப் பொறுத்து இந்த வினாடிகள் மாறும்.

குறுகிய சந்தில் எதிரெதிரே வரும் இருவர், ஒதுங்குவதாக நினைத்து ஒரே பக்கம் நகர்ந்து முட்டிக்கொள்வதுண்டு. வானில் அது நடக்கக் கூடாது. ஆகவே இரண்டு பெட்டிகளும் தங்களுக்குள் பேசி முடிவு செய்கின்றன. ஒன்று ஏறுவேன் என்று தீர்மானித்தவுடன் மற்றதற்குச் சொல்லிவிடும், மற்றது ஏறாது. இடமோ வலமோ திரும்பச் சொல்வதே இல்லை. எதிர்விமானத்தின் திசையை அந்தக் கருவியின் ஆன்டெனாவால் அவ்வளவு துல்லியமாக அளக்க முடியாது. உயரத்தை மட்டும் நம்பலாம். தாத்ரியில் எந்த எண் யாருக்கும் தெரியாமல் போயிற்றோ, அதே எண்ணைத்தான் டீகாஸ் பிடித்துக்கொள்கிறது.

லகோதி அறிக்கைக்குப் பிறகு விமானப் போக்குவரத்து இயக்குநரகம் இந்திய வானில் பறக்கும் பெரிய பயணிகள் விமானங்களுக்கு டீகாஸைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பா 2000-ல்தான் கட்டாயமாக்கியது. பன்னாட்டு விதி 2003-ல்தான் வந்தது. தன் நாட்டில் கருவியைத் தயாரிக்காத இந்தியா, அதைக் கேட்பதில் முந்தியவர்களின் வரிசையில் நின்றது. டில்லியில் இரண்டாம் நிலை ரேடாரும் இயங்கத் தொடங்கியது. வரவும் போகவும் தனிப் பாதைகள் பிரிந்தன.

2003 நவம்பரில் இன்னொரு மாற்றம். அதுவரை 29,000 அடிக்கு மேலே விமானங்களுக்கிடையே 2,000 அடி விட வேண்டும். அந்த உயரத்தில் பழைய உயரமானிகளின் துல்லியம் குறைவு. இப்போது அதையும் 1,000 அடியாகக் குறைத்தார்கள். அதே வானத்தில் பாதைகள் கூடின. விமானங்களின் எண்ணிக்கை பெருகிய காலத்தில் அது தவிர்க்க முடியாதது. உயரத்தைச் சரிபார்க்கும் கண்கள் கூடியிருந்ததால்தான் அந்தத் துணிச்சல் வந்தது.

மாதாப்பூரின் பங்கு

1998 நவம்பர் 22 அன்று, தாத்ரி விபத்துக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, ஐதராபாத்தின் மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் கட்டடத்தைப் பிரதமர் வாஜ்பாய் திறந்துவைத்தார். பாறைக்குன்றுகளும் துர்கம் செருவு ஏரியுமாக இருந்த ஊர்ப்புறம் ஹைடெக் சிட்டி ஆனது. தமிழகத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு அதன் மற்றொரு முகம் நன்றாகத் தெரியும்: ஐயப்பா சொசைட்டித் தெருக்களின் விடுதிகள், காலையில் அலுவலகப் பேருந்துகள், மாலையில் மெட்ரோ நெரிசல். பெரும்பாலானோர் வங்கிக்கும் காப்பீட்டுக்கும் மென்பொருள் எழுதுகிறார்கள். கொஞ்சம் பேர் விமானத்துக்கு எழுதுகிறார்கள்.

1991-ல் பி.வி.ஆர்.மோகன் ரெட்டி தொடங்கிய இன்ஃபோடெக் என்டர்பிரைசஸ், 2014-ல் சையன்ட் என்று பெயர் மாறியது, தலைமையகம் மாதாப்பூரில். விமானத் தயாரிப்பாளர்களுக்கான பொறியியல் அதன் முக்கியத் தொழில்களில் ஒன்று. உலகின் டீகாஸ் பெட்டிகளில் பெரும்பங்கைத் தயாரிக்கும் நிறுவனங்களான ஹனிவெல்லுக்கும் காலின்ஸுக்கும் ஐதராபாத்தில் பொறியியல் மையங்கள் இருக்கின்றன. ஒரு நகரத்தின் மேற்குப் புறநகர்கள் இப்படி உலக வானோடு பிணைந்துவிட்டன.

விமான மென்பொருளில் எழுதுவதைவிடச் சரிபார்ப்பதே பெரிய வேலை. அதற்கு 1992-ல் வந்த டிஓ-178பி என்ற நெறிமுறை உண்டு. அதன் அடுத்த பதிப்பு இப்போது நடைமுறையில் இருக்கிறது. மென்பொருள் தவறினால் என்ன ஆகும் என்பதை வைத்து ஏ முதல் ஈ வரை ஐந்து தரங்களாக அது பிரிக்கும். விமானமே விழுந்துவிடும் என்றால் ஏ. டீகாஸின் மென்பொருள் அடுத்த தரமான பி. அந்தத் தரத்தில், நிரலில் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று பிரியும் ஒவ்வோர் இடத்தையும் இரண்டு வழியிலும் ஓட்டிப் பார்த்தாக வேண்டும். எதிர்விமானம் மேலே இருந்தால் என்ன, கீழே இருந்தால் என்ன. ஏறிக்கொண்டிருந்தால், சட்டென்று இறங்கத் தொடங்கினால் என்ன. ஒவ்வொரு வரியும் எந்தத் தேவைக்காக எழுதப்பட்டது என்பதற்குத் தாளில் தடயம் இருக்க வேண்டும். தடயமில்லாத வரியை நீக்க வேண்டும்.

இவற்றைவிட முக்கியமான இன்னொரு நிபந்தனை உண்டு. எழுதியவரே சரிபார்த்து முடித்துவிடக் கூடாது. இன்னொருவர் பார்க்க வேண்டும். எழுதியவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பது அங்கே பேச்சே இல்லை. தன் தவறு தன் கண்ணுக்குத் தெரியாது என்பதை விதியாகவே எழுதி வைத்துவிட்டார்கள். 1990களின் தொடக்கத்தில் டீகாஸின் விதிகளே அப்படி மறுபார்வைக்கு உட்பட்டன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் நான்சி லெவிசன் குழு, ஆயிரக்கணக்கான நிபந்தனைகள் சிக்கிக் கிடந்த அந்தக் கணக்கை விமானியும் பொறியாளரும் ஒருசேரப் படித்துப் பிழை காணும்படி அட்டவணைகளாகத் திருத்தி எழுதியது.

ஷிம்கென்ட்டிலிருந்து வந்த விமானிகளின் அறையில் இல்லாமல் போனது இந்த மறுபார்வைதான். உயரத்தைச் சொன்னவர் அதைத் தானே அளந்து பார்க்கவில்லை. அளந்தவர் எதிரில் வருபவரோடு பேசவில்லை. மாதாப்பூரின் ஒரு மேசையில் யாரோ எழுதியதை வேறு யாரோ வரி வரியாகப் பார்த்துக் கையெழுத்திடும் அலுப்பான வேலைக்குப் பின்னால் தாத்ரி மாதிரியான வயல்கள் இருக்கின்றன.

200 அடி

அந்த அலுப்பான வேலையின் பலன் ஐதராபாத்துக்கு வந்த ஒரு விமானத்திலேயே தெரிந்தது. 2018 ஜூலை 10. கோயம்புத்தூரிலிருந்து ஐதராபாத்துக்கு ஓர் இண்டிகோ விமானம் போய்க்கொண்டிருந்தது. மாதாப்பூர் அலுவலகங்களில் வேலை பார்க்கும் கொங்கு நாட்டுப் பிள்ளைகள் ஊருக்கு வந்து திரும்பும் வழக்கமான தடம். அதே நேரம் பெங்களூருவிலிருந்து கொச்சிக்கு இன்னோர் இண்டிகோ. இரண்டிலும் சேர்த்து 328 பயணிகள்.

ஐதராபாத் விமானத்துக்கு 36,000 அடி வரை ஏற அனுமதி. கொச்சி விமானத்துக்கு 28,000 அடி வரை. பெங்களூருவின் வான்வெளியில் ஒன்று 27,300 அடியிலும் மற்றது 27,500 அடியிலும் இருந்தபோது, இரண்டுக்கும் இடையே உயரத்தில் இருந்தது 200 அடிதான். தாத்ரியின் ஆயிரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டு விமானங்களிலும் டீகாஸ் பேசியது. விமானிகள் கேட்டார்கள், விலகினார்கள். விமான விபத்துப் புலனாய்வு அமைப்பு விசாரணை நடத்தியது. செய்தித்தாள்களில் ஓரிரு நாள் வந்தது. பிறகு எல்லோரும் மறந்துவிட்டார்கள். தவிர்க்கப்பட்ட விபத்துக்கு நினைவுநாள் கிடையாது.

இதைப் படித்துவிட்டு டீகாஸ் இருக்கக் கவலை எதற்கு என்று நினைத்துவிட வேண்டாம். டீகாஸ் கடைசித் தடுப்பு. பாதைகளைப் பிரிப்பது முதல் தடுப்பு. கட்டுப்பாட்டாளரின் திரை அடுத்தது. விமானியின் கவனம் அதற்கடுத்தது. இவையெல்லாம் தவறிய பிறகு வருவது அந்தக் குரல். அதற்கு அதன் எல்லைகளும் உண்டு. எதிர்விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் பதில் சொல்லாவிட்டால் அதற்குக் கண்ணே இல்லை. 2006 செப்டம்பர் 29 அன்று பிரேசிலில் ஒரு தனியார் ஜெட்டின் டிரான்ஸ்பாண்டர் இயங்காமல் இருந்தது. அது ஒரு போயிங்குடன் மோதியதில் போயிங்கில் இருந்த 154 பேரும் இறந்தார்கள். தரைக்கு மிக அருகே ஏறு, இறங்கு கட்டளைகளைக் கருவியே நிறுத்தி வைத்துவிடும். இறங்கச் சொன்னால் தரையில் மோத வேண்டி வரும்.

அப்படியான தாழ்ந்த உயரத்தில் 2022 ஜனவரி 7 அன்று பெங்களூருவில் மனிதக் கண் காப்பாற்றியது. அருகருகே இருக்கும் இரண்டு ஓடுபாதைகளிலிருந்து, கொல்கத்தாவுக்கு ஒன்றும் புவனேஸ்வருக்கு ஒன்றுமாக இரண்டு இண்டிகோ விமானங்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கிளம்பி ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்தன. ஒரே ஓடுபாதையைப் பயன்படுத்துவது என்று எடுத்த முடிவு மற்ற ஓடுபாதையின் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. ரேடார் திரையில் அதைப் பார்த்த கட்டுப்பாட்டாளர் உடனே இரண்டையும் வெவ்வேறு திசைக்குத் திருப்பிவிட்டார். 1996-ல் தத்தாவின் திரையில் உயரம் இல்லை. 2022-ல் திரையில் எல்லாம் இருந்தது. பார்க்க ஒருவர் விழித்திருந்தார்.

ஆக, ஒவ்வொரு தடுப்புக்கும் பின்னால் இன்னொன்று நிற்கிறது. ஆனால் தடுப்புகளில் இரண்டு ஒரே நேரத்தில் வாய் திறந்து, ஒன்றுக்கொன்று முரணாகப் பேசினால்? பெட்டி ‘ஏறு’ என்கிறது. தரையிலிருந்து மனிதக் குரல் ‘இறங்கு’ என்கிறது. விமானிக்கு இருபது வினாடிகூட இல்லை. யார் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று 2002 வரை உலகில் தெளிவான ஒரே விதி இல்லை. அந்த ஆண்டு ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் உபர்லிங்கன் நகருக்கு மேலே இரண்டு விமானங்கள் நெருங்கின. ஒன்றில் ரஷ்யப் பள்ளிக் குழந்தைகள் இருந்தார்கள். இரண்டிலும் டீகாஸ் இருந்தது. இரண்டும் சரியாகவே பேசின. ஒரு விமானி பெட்டியைக் கேட்டார். இன்னொருவர் கட்டுப்பாட்டாளரைக் கேட்டார். 71 பேர் இறந்தார்கள். யாருடைய குரலுக்கு முதல் மரியாதை என்பதை உலகம் அதன் பிறகு எப்படி எழுதிக்கொண்டது என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)